விளையாட்டு அரட்டையில் எழுதியது யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஐயா, நாங்கள் ஐந்து பேர் மூன்று வருடமாக இணையத்தில் ஒரு விண்வெளிக் கதையை ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஆடி வருகிறோம். அமெரிக்காவின் 'டிராவலர்' விளையாட்டு விதிகளை வைத்துத்தான் ஆட்டம். நான்தான் ரெப்ரி, அதாவது ஆட்டத்தை நடத்துபவள். சனிக்கிழமை இரவு 9 மணிக்கு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் குரல் வழியாகச் சேருவோம். ஆனால் கதையில் பாதி, அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் அரட்டையில்தான் நடக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் ஒருவர், தன் கப்பல் பொறியாளரின் நாட்குறிப்பை எழுதுவார். பொள்ளாச்சியில் பிளஸ் டூ படிக்கும் தம்பி, வேற்றுக்கிரக வியாபாரிக்குக் கடிதம் எழுதுவான். 'நொய்யல்' என்று நான் பெயர் வைத்த விண்நிலையத்தில்தான் எல்லாம் நடக்கிறது. இதை நாவலாக்க ஆசை. போன மாதம் பெருந்துறை நண்பர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். "நான் எழுதின ஒரு வரிகூட வரக்கூடாது, எல்லாத்தையும் அழிச்சிருங்க" என்கிறார். கோவையில் ஒரு ஏஜென்ட், 18,000 ரூபாய் கட்டினால் மொத்தக் கதைக்கும் என் பெயரில் மூன்றே நாளில் காப்பிரைட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கட்டாதீங்க அம்மணி. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க. அவர் விற்க வந்திருக்கும் உரிமை அவரிடம் இல்லை. உங்களிடமும் முழுசாக இல்லை.

காப்பிரைட் என்பது தாசில்தார் கொடுத்த பிறகு கைக்கு வரும் பட்டா மாதிரி அல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக யோசித்து எழுதிய அந்த நேரத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தால், வழக்கு வரும்போது முதல் பார்வைக்கு அது சான்றாக நிற்கும். எதிர்த்தரப்பு வலுவான ஆதாரம் காட்டினால் சாய்ந்தும் போகும். கதை, நாவல் போன்றவற்றைப் பதிய அரசுக் கட்டணம் 500 ரூபாய். இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

மூன்று நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? விண்ணப்பம் போட்டதும் ஒரு டைரி நம்பர் கொடுப்பார்கள். வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது அது. அதற்குப் பிறகு யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் பரிசீலனையே ஆரம்பிக்கும். இந்த டைரி நம்பர் தாளை லேமினேட் பண்ணி, சர்ட்டிபிகேட் என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு என் வக்கீல் ஆபீசுக்கு வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கூட, மாட்டை உங்கள் கண்முன் நிறுத்திவிட்டுத்தான் பேசுவார். பல்லைப் பிடித்துப் பார்க்க விடுவார். இங்கே மாடும் இல்லை, கயிறும் இல்லை.

அதைவிட ஆபத்து, "உங்கள் பெயரில் மொத்தமும்" என்ற பேச்சு. ஐந்து பேர் எழுதியதை நான் ஒருத்தியே எழுதினேன் என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். பதிவேட்டில் தெரிந்தே பொய்ப் பதிவு செய்ய வைப்பதற்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது அபராதம், இரண்டுமேகூட, என்று அதே சட்டத்தின் 67-வது பிரிவு சொல்கிறது. ஏஜென்ட்டின் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது.

அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 30 நாள் முடிந்ததும் சான்றிதழ் வந்துவிடுவதில்லை. குறை இருக்கிறது என்று ஒரு கடிதம் வரும். பதில் போட்டால் மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. நாடு முழுவதற்கும் தில்லியில் ஒரே அலுவலகம். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்று தமிழில் தெளிவாக ஒரே ஒரு பக்கம் எழுதி ஊர் ஊருக்கு ஒட்டியிருந்தால், இந்த ஏஜென்ட் கடைகளில் பாதி திறந்தே இருக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் "கிணறு, மின் மோட்டார், இவற்றில் ஐந்தில் ஒரு பங்கு பாத்தியம்" என்று எழுதுவோம் இல்லையா? அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இது என் சொட்டு, அது உன் சொட்டு என்று பிரிக்க முடியாது. ஆனால் வரப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும் தென்னை யார் வைத்தது என்பது ஊருக்கே தெரியும். சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாதபடி சேர்ந்து எழுதினால் அது கூட்டுப் படைப்பு, கிணறு. எல்லோரும் சம்மதித்தால்தான் தண்ணீர் எடுத்து விற்க முடியும். பிரித்துப் பார்க்க முடிந்தால் அவரவர் தென்னை அவரவருக்கு.

உங்கள் அரட்டையில் ஒவ்வொரு பதிவுக்கும் மேலே பெயரும் நேரமும் இருக்கிறது. ஆகவே அதில் பெரும்பகுதி தென்னைதான். பொறியாளரின் நாட்குறிப்பு திருப்பூர்க்காரருடையது. வியாபாரிக்கு எழுதிய கடிதம் பொள்ளாச்சித் தம்பியுடையது. நொய்யல் நிலையத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வர்ணனையும், நீங்கள் உருவாக்கிப் பேச வைத்த துணைப் பாத்திரங்களும் உங்களுடையவை. ஒரே காட்சியை இரண்டு மூன்று பேர் மாறி மாறித் திருத்தி ஒன்றாக்கியிருந்தால், அது மட்டும் கிணறு.

எல்லோரும் சனிக்கிழமை ஆட்டத்தை நெல் என்றும் நடுவில் வரும் அரட்டையைப் பதர் என்றும் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் கிட்டத்தட்ட நேர்மாறு. குரலில் பேசியதை நீங்கள் பதிவு செய்து வைக்கவில்லை என்றால், யார் எந்த வசனத்தைச் சொன்னார் என்று நாளைக்கு நிரூபிக்க முடியாது. அரட்டை எழுத்தில் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது. சண்டை வந்தால் அங்கேதான் வரும். "நைட் 9 மணிக்கு ஓகேவா", "இங்க கரண்ட் இல்லைங்க" என்பதற்கெல்லாம் உரிமை கிடையாது, பயப்படாதீங்க. வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி – மோடக் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"ஆட்டத்தை நடத்தினதே நான்தானே" என்று நீங்கள் கேட்கலாம். நடத்தியதால் மற்றவர் எழுத்து உங்களுடையதாகாது. அவர்கள் உங்களிடம் சம்பளத்துக்கு எழுதவில்லை.

இனி பெருந்துறை நண்பர். அவர் பேச்சில் பாதி சரி. அவர் எழுதிய வரிகளை அவர் சம்மதம் இல்லாமல் நாவலில் போட முடியாது. அங்கே இங்கே நாலு வார்த்தையை மாற்றிப் போட்டாலும் தப்பிக்க முடியாது. மாற்றி அமைப்பதும் எழுதியவர் உரிமைதான். ஆனால் கருத்துக்கும் சம்பவத்துக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. காற்றுத் தொட்டி வெடித்து, கப்பலை நிலவில் இறக்கினார்கள் என்பது சம்பவம். அதை நீங்கள் உங்கள் நடையில், அவர் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், புதிதாக எழுதலாம். அவர் நடித்த பாத்திரத்தை மட்டும் விட்டுவிட்டு வேறொரு ஆளைப் படையுங்கள். அவர் கோபித்துக்கொண்டதற்காக நீங்கள் எழுதியதையும் மற்றவர் எழுதியதையும் அழிக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் எழுதியதை அவரே டிஸ்கார்டில் அழிக்க முடியும், எந்த நேரமும். அழித்தால் போனது போனதுதான். அதனால் இன்றைக்கே முழு அரட்டையையும் பெயர், தேதி, நேரத்தோடு இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். திருடுவதற்கு இல்லை. எது அவருடையது, எது உங்களுடையது என்று பின்னால் காட்டுவதற்கு. ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி, தேதியை விட்டுவிட்டுக் கொண்டுவருகிறார்கள், அது எதற்கும் உதவாது. தனக்குத்தானே ரிஜிஸ்தர் தபால் அனுப்பிக் கவரைப் பிரிக்காமல் வைப்பதும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட இரண்டு பகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒன்றில் நீங்கள், இன்னொன்றில் ஒரு நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிபுணரை எங்கே போய்ப் பிடிப்பது என்று சாமானியர் அலைகிறார். சட்டத்தை எழுதியவர்கள் அதை யோசித்திருக்கலாம்.

இப்போது நான் நிதானமாகச் சொல்ல வேண்டியது பொள்ளாச்சித் தம்பியைப் பற்றி. பிளஸ் டூ என்றால் பதினேழு வயசு இருக்கும். பதிப்புரிமைச் சட்டத்தில் எழுத்தாளருக்கு வயசு வரம்பே கிடையாது. ஆகவே கடிதங்கள் அவனுக்கே சொந்தம். ஆனால் ஒப்பந்தச் சட்டம் வேறு மாதிரி. 18 நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. மோகரி பீபி வழக்கில் 1903-இல், அப்போது நமக்கு மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் நிற்கிறது. ஆரம்பத்திலிருந்தே இல்லாத ஒப்பந்தம் அது. "பதினேழே முக்கால் ஆச்சுங்க, இன்னும் மூணு மாசந்தானுங்க" என்று என்னிடம் கெஞ்சுவார்கள். மூன்று நாள் குறைந்தாலும் அதே கதிதான். அவனே "எனக்குப் பதினெட்டு ஆச்சு" என்று பொய்யாக எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. பதினெட்டு ஆனதும் பழைய காகிதத்திலேயே "சரி" என்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமா என்றால், அதுவும் முடியாது. இல்லாத ஒன்றை எப்படி உறுதி செய்வது? அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஏஜென்ட் சொல்வார். பையனுக்கு நன்மையான ஒப்பந்தம் என்று வாதாட வழி உண்டு, ஆனால் வாதாட வேண்டிய இடத்தில் உங்கள் நாவலை ஏன் நிறுத்துகிறீர்கள்? அவன் பிறந்த தேதியை மார்க் ஷீட்டில் பாருங்கள். 18 நிறைந்த பிறகு புதிதாக ஒரு காகிதம், புதிதாக ஒரு தொகை, புதிதாகக் கையெழுத்து. அதுவரை அவன் பகுதியைத் தொடாமல் மற்ற அத்தியாயங்களை எழுதுங்கள். அவன் நல்ல பையன், பின்னால் உரிமை கேட்க மாட்டான் என்பீர்கள். கேட்கப்போவது அவன் இல்லை. நாளைக்கு இந்தக் கதையை வெப் சீரிஸுக்கு வாங்க வருகிறவரின் வக்கீல் கேட்பார்.

'டிராவலர்' பற்றி ஒரு வார்த்தை. 1977-இல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு அது. இரண்டு பகடை உருட்டி 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஜெயம் என்பது போன்ற விதி முறைக்குக் காப்பிரைட் கிடையாது. அந்தப் புத்தகத்தின் வாசகங்கள், அதில் வரும் பேரரசு, கிரகங்கள் இவற்றை எடுக்காதீங்க. வெளிநாட்டுப் படைப்பு என்றாலும் இங்கே பாதுகாப்பு உண்டு. நொய்யல் உங்களுடையது, அதை வைத்தே கட்டுங்கள்.

மற்ற இருவரிடம் வாங்க வேண்டியது ஒரு பக்கக் காகிதம். முத்திரைத்தாளில் இருந்தால்தான் செல்லும் என்று பயமுறுத்துவார்கள். பதிப்புரிமைச் சட்டம் கேட்பது எழுத்தும் கையெழுத்தும். எந்தெந்தப் பதிவுகள், எந்த நாவலுக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு, அவருக்கு என்ன பங்கு என்று எழுதுங்கள். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பிப் போய்விடும், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் எழுதியவர் பெயரைச் சொல்லும் கடமை போகாது. யார் யார் எழுத்து வருகிறதோ அவர்கள் எல்லோர் பெயரும் புத்தகத்தில் வரட்டும்.

புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று 40,000, 50,000 ரூபாய் பேக்கேஜோடு வருகிறவர்களின் ஒப்பந்தத்தில் "உலகம் முழுவதும், காலம் முழுவதும், எல்லா வடிவத்திலும்" என்று இருக்கும். பணமும் நீங்கள் கொடுத்து உரிமையும் நீங்கள் கொடுக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெருந்துறை நண்பருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீங்க, நான் வக்கீலாக இருந்தும் சொல்கிறேன். மூன்று வருடம் சனிக்கிழமை தவறாமல் கூட இருந்தவர். கோபியிலிருந்து பெருந்துறை ஒரு மணி நேரம் பஸ். அவர் எழுதியதை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எது வரலாம், எது வேண்டாம் என்று அவர் பேனாவாலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவர் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். ஒன்றும் வேண்டாம் என்றாலும் அதையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.