ஏ.எஸ்.ஓ டெஸ்ட்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

லேப்பில் பத்தொன்பது வருஷம், பெரும்பாலும் சீரம் பக்கம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை வைத்துச் செய்கிற டெஸ்ட்டுகள். ரத்தம் எடுத்ததிலிருந்து ரிப்போர்ட் கையில் வரும் வரை என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்வேன். மருந்து எழுதித் தரச் சொல்லாதீர்கள், அது டாக்டர் வேலை.

அக்கா, பையனுக்கு 9 வயது. ஏ.எஸ்.ஓ 320, பக்கத்தில் "அதிகம்" என்று போட்டிருக்கிறார்கள். இப்போது தொண்டை வலிகூட இல்லை. கிருமி இதயத்துக்குப் போய்விட்டதா?

இந்த டெஸ்ட் கிருமியைத் தேடுவதே இல்லை அம்மா. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டையில் இருக்கும்போது ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நஞ்சை விடும். சிவப்பணுக்களை உடைக்கிற நஞ்சு அது. உடம்பு அதற்கு எதிராகச் செய்கிற ஆன்டிபாடியைத்தான் அளக்கிறோம். 1932இல் டாட் என்பவர் கொண்டுவந்த டெஸ்ட். பழைய ரிப்போர்ட்டுகளில் "டாட் யூனிட்" என்று இருக்குமே, அந்த டாட்தான்.

தொண்டை வலி வந்து ஒரு வாரம் போல ஆனதும் ஆன்டிபாடி ஏறத் தொடங்கும். மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் உச்சம். இறங்க ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். அதனால் 320 என்பது சில மாதங்களுக்குள் எப்போதோ கிருமி வந்து போயிருக்கலாம் என்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, 200 என்ற எல்லை பெரியவர்களுக்கானது. பள்ளிக்கூடம் போகிற வயதில் தொண்டை வலி அடிக்கடி வரும், நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்கே 200க்கு மேல் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் வயதுக்கான எல்லை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூட்டு வீக்கம், மூச்சு வாங்குவது, கை கால் தானாக ஆடுவது, இதில் ஏதாவது இருந்தால் உடனே காட்டுங்கள். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ருமாட்டிக் காய்ச்சல் (இந்தக் கிருமி வந்து போன பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்குகிற நோய்) என்று யாரும் முடிவு செய்ய முடியாது.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வேண்டாம். ரொம்பக் கொழுப்பாகச் சாப்பிட்டுவிட்டு உடனே வராதீர்கள், சீரம் கலங்கிவிடும்.

நேற்றுதான் காய்ச்சலும் தொண்டை வலியும். இன்று ஏ.எஸ்.ஓ எடுத்தேன், நார்மல். அப்படியென்றால் ஸ்ட்ரெப் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஆன்டிபாடி இன்னும் உருவாகவே இல்லை. இப்போது இருக்கிற கிருமியைப் பார்க்கத் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுக்க வேண்டும்.

மகளுக்குக் காலில் புண், ஆறி மூன்று வாரத்தில் முகம் வீங்கி சிறுநீர் காபி நிறத்தில் போனது. டாக்டர் ஸ்ட்ரெப்பால் வந்த சிறுநீரகப் பிரச்சினை என்கிறார். ஏ.எஸ்.ஓ நார்மல். யார் சொல்வது சரி?

டாக்டர் சொல்வதை நம்புங்கள். தோலில் இருக்கிற கொலஸ்ட்ரால் அந்த நஞ்சைப் பிடித்து முடக்கிவிடும். அதனால் தோல் புண்ணுக்கு ஏ.எஸ்.ஓ பெரும்பாலும் ஏறாது. ஆன்டி டிஎன்ஏஸ் பி என்று இன்னொரு டெஸ்ட் இருக்கிறது, புண்ணுக்கு அதுதான் பேசும். அது நிதானமாக ஏறி, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சம் தொடும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

காலையில் டீ குடித்துவிட்டேன், ரத்தம் கொடுக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். கொடுக்கலாம்.

சார், முதல் லேப்பில் 400. பத்து நாள் கழித்து வேறு லேப்பில் 510. ஏறிக்கொண்டே போகிறது, பயமாக இருக்கிறது.

சார் இல்லை, அக்கா. முதல் லேப்பில் ஸ்லைடா, மெஷினா?

ஸ்லைடு. இரண்டாவது மெஷின்.

நினைத்தேன். ஸ்லைடில் கறுப்பு அட்டையில் ஒரு துளி சீரம், ஒரு துளி லேடெக்ஸ் (அந்த நஞ்சைப் பூசிய நுண்மணிகள் கலந்த நீர்), கலக்கி மெதுவாக ஆட்டுவோம். 200க்கு மேல் இருந்தால் மணல் மணலாகத் திரியும். திரிந்தால் சீரத்தைப் பாதியாக, காலாக நீர்க்க வைத்துத் திரும்பப் பார்ப்போம். அதனால் பதில் 200, 400, 800 என்று படியாகத்தான் வரும். உங்கள் 510ஐப் பாதியாக்கினால் 255, திரியும். காலாக்கினால் 127, திரியாது. ரிப்போர்ட் 400! அன்றைக்கே உங்களுக்கு 510 இருந்திருக்கலாம்.

அக்கா, நானும் லேப்தான். பத்து நாளில் ஏற்றம் என்றால் ஏற்றம்தானே? இரண்டு சாம்பிள் எடுத்து ஒப்பிடச் சொல்லித்தானே படித்தோம்?

படித்தோம் தம்பி. ஒரே முறையில், முடிந்தால் இரண்டு சீரத்தையும் ஒரே ஓட்டத்தில் வைத்து ஒப்பிடு என்று முழுசாகப் படித்தோம். ஸ்லைடில் ஒரு படி முன்னே பின்னே வருவது கைப்பழக்கத்தாலேயே நடக்கும்.

அப்படிப்பட்ட ஸ்லைடை ஏன் வைத்திருக்க வேண்டும்? தூக்கிப் போடலாமே. எங்கள் லேப்பில் ஒருவர் ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்துப் பாசிட்டிவ் என்கிறார்.

அது ஸ்லைடின் தப்பா, அவர் தப்பா? இரண்டு நிமிஷம். அதற்குமேல் துளி ஓரத்தில் காய ஆரம்பிக்கும், காய்ந்த ஓரம் திரிந்த மாதிரியே தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகள் கையில் முதலில் டைமரைத்தான் கொடுப்பேன். கன்ட்ரோல் இரண்டும் (திரியும் என்று தெரிந்த ஒன்று, திரியாது என்று தெரிந்த ஒன்று) கூடவே போட்டு, நேரம் பார்த்துச் செய்தால், மெஷின் வாங்க முடியாத இடத்தில் ஸ்லைடு போதும். படியை எண்ணாக நினைத்து ஏறியது, இறங்கியது என்று பேசுவதுதான் தப்பு. 510 கேட்டவரே, முதல் லேப்பில் உங்கள் பழைய சீரம் ஃபிரிட்ஜில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏ.எஸ்.ஓவும் ஆர்.ஏ ஃபேக்டரும் ஒன்றா?

இல்லை. ஆர்.ஏ ஃபேக்டர் முடக்குவாதத்துக்குப் பார்க்கிற வேறு டெஸ்ட். ஒரே ரிப்போர்ட்டில் அடுத்தடுத்த வரியில் வரும், அவ்வளவுதான் உறவு.

தங்கைக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. ஆறு மாதமாகியும் ஏ.எஸ்.ஓ குறையவில்லை. ஊசியை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள்! அந்த ஊசி எண்ணைக் குறைக்கப் போடுவது இல்லை, கிருமி திரும்ப வராமல் தடுக்க. வந்தால் இதய வால்வு இன்னும் கெடும். எத்தனை வருஷம் என்பதை இதய டாக்டர் சொல்வார். அதே மாதிரி, எண் மட்டும் அதிகமாக இருப்பவர்கள் இந்த ஊசியை ஆரம்பிக்கவும் வேண்டாம்.

அக்கா, சாப்பிட்டுவிட்டு...

மேலே. இரண்டு இடத்தில்.

510 கேட்டவன்தான். போன் பண்ணினேன், பழைய சீரத்தை ஒரு வாரத்திலேயே கொட்டிவிட்டார்களாம்.

சரி, போகட்டும். 400ஐ மறந்துவிடுங்கள். டாக்டர் மறுபடி பார்க்கச் சொன்னால் 510 கொடுத்த அதே லேப்பில், அதே மெஷினில் கொடுங்கள். இந்தத் தடவை சீரத்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.