.308 தோட்டா மறுநிரப்பலுக்கு எந்த பிரஸ்?

வணக்கம். டெக்சஸில் மான் வேட்டைக்காக மாதம் 50 .308 வின்செஸ்டர் தோட்டாக்களை வீட்டிலேயே மறுநிரப்ப, விலை குறைந்த அலுமினிய பிரஸ் (சுட்ட தோட்டாவின் கூட்டை அழுத்தித் திருத்தி மீண்டும் நிரப்பும் கைக்கருவி) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், ‘ஓ’ வடிவச் சட்டமுள்ள வார்ப்பிரும்பு பிரஸையே வாங்குங்கள். சுட்டபோது விரிந்த பித்தளைக் கூட்டை முழு நீளத்துக்கும் அளவு திருத்தும்போது சட்டத்தின்மேல் மிகுந்த விசை விழுகிறது. முன்பக்கம் திறந்த ‘சி’ வடிவச் சட்டம் அப்போது இம்மியளவு வளைந்தாலும், கூட்டின் தோள் (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் பகுதி) ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் அமைந்துவிடும்.

ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர் சுப்ரீம், லீ கிளாசிக் காஸ்ட் ஆகிய இரண்டு ‘ஓ’ வடிவ பிரஸ்களுமே இந்த வேலையைத் தாங்கும். நான் லீயைத்தான் சொல்வேன்; கழிந்த பிரைமர்கள் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) அதன் உள்ளீடற்ற தண்டு வழியாக நேரே குழாயில் விழுவதால், ஈயம் கலந்த கரி மேசையில் சிந்துவது பெரிதும் குறைகிறது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது சிறிய விஷயமன்று. இரண்டிலும் வழக்கமான 7/8 அங்குல மரையுள்ள டைகளே (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சுகள்) பொருந்தும் என்பதால், பின்னாளில் பிரஸை மாற்றினாலும் டைகள் வீணாகா.

பிரஸைப் பொருத்தும் மேசையை மட்டும் சுவரோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கிவிடுங்கள். கைப்பிடியை மேலே தூக்கும்போது மேசையே எழும்பினால் எந்த பிரஸும் பயன்படாது.