எண்ணாத மூச்சை எழுதாதீர்கள்: நர்சிங் படிப்பு பற்றிய கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கத்தில் 31 ஆண்டுகள் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். படிப்பு, வார்டு பயிற்சி, தொழில் ஒழுக்கம் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கருங்கல்லில் இருந்து ஒரு அப்பா: மகளை பி.எஸ்சி நர்சிங் சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் எந்தக் கல்லூரி நல்லது?

பெயர் சொல்ல மாட்டேன் சார், பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். பி.எஸ்சி நர்சிங் நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கையுள்ள சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும், பத்து மாணவிகளுக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. காகிதத்தில் எல்லாருமே இதைக் காட்டுவார்கள். நீங்கள் ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு நோயாளியைப் பார்க்க வந்தவர் போல அந்த மருத்துவமனைக்குப் போங்கள். வார்டில் மாணவிகளோடு ஆசிரியை நிற்கிறாரா, அல்லது மாணவிகள் மட்டும் சுவரோரம் நிற்கிறார்களா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒன்று. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரியில் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், காட்டியதும் கையோடு வாங்கிவிட வேண்டும்.

தக்கலை, இரண்டாம் ஆண்டு மாணவி: மேடம், எங்கள் வார்டில் டி.பி.ஆர் சார்ட்டில் (உடல் வெப்பம், நாடி, மூச்சு எழுதும் தாள்) மூச்சு எண்ணிக்கையை எல்லாருக்கும் 20 என்றுதான் எழுதுகிறோம். சீனியர் அக்காக்களும் அப்படித்தான். இது தப்பா?

தப்பு மக்களே. நீ கேட்டதே பாதி திருந்தியது மாதிரி, அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பெண்கள் வார்டு. 14 படுக்கை. சார்ட் எடுத்தால் 14 பேருக்கும் 20, 20, 20. ஒன்பதாவது படுக்கையில் கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டி, பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். என் மாணவியிடம் "நெஞ்சுக்குள்ள வெப்ராளமா இருக்கு மக்ளே" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். மாணவி வேறு மாவட்டத்துப் பிள்ளை. பாட்டி பயப்படுகிறார் என்று புரிந்துகொண்டு, 'பதற்றமாக இருக்கிறார், ஆறுதல் கூறப்பட்டது' என்று எழுதிவிட்டாள். நம் ஊரில் வெப்ராளம் என்றால் பயமாகவும் இருக்கலாம், மூச்சு முட்டுவதாகவும் இருக்கலாம். நம் ஊர்க்காரியான நான் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நான் போய்ப் பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி பார்ப்பது போல விரலை வைத்துக்கொண்டு, கண்ணை அவர் நெஞ்சின் மேல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். மூச்சு எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும், அதனால்தான் நாடி பிடித்தபடி எண்ணுவது. 34 வந்தது. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இயல்பு. டாக்டரைக் கூப்பிட்டோம், நுரையீரலில் நிமோனியா இறங்கியிருந்தது. ஐ.சி.யு.வில் நான்கு நாள் இருந்து பிழைத்துக்கொண்டார்.

உடல் நிலை சரியும்போது காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முன்னாலேயே பல நேரம் மூச்சுதான் கூடும். அதைத்தான் நாம் எண்ணாமல் எழுதுகிறோம். முந்தைய இரண்டு இரவுகளிலும் அந்தப் பாட்டியின் சார்ட்டில் 20 என்றுதான் இருந்தது. அன்று காலை அந்தச் சார்ட்டின் ஓரத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஆசிரியை நான். அந்த மாணவியை நான் திட்டவில்லை, எனக்கு வாய் வரவில்லை.

செய்யாததை எழுதாதே. இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

மார்த்தாண்டம்: எம்.பி.பி.எஸ். கட்-ஆஃப் எவ்வளவு வரும்?

என் துறை இல்லை. மருத்துவக் கல்வி தேர்வுக் குழுவின் இணையதளத்தில் பாருங்கள்.

குளச்சல், முதலாம் ஆண்டு: யூனிஃபார்மில் வார்டில் ரீல்ஸ் எடுக்கலாமா? நோயாளி முகம் தெரியாமல்தான்.

கூடாது. முகம் தெரியாவிட்டாலும் படுக்கை எண், சார்ட், பக்கத்தில் நிற்கும் மகன், எல்லாம் தெரியும். நம் மாவட்டத்தில் ஒரு ஊரில் எடுத்தால் அடுத்த ஊரில் அடையாளம் கண்டுவிடுவார்கள். போனை ஹாஸ்டலில் வைத்துவிட்டு வா.

திங்கள்சந்தை: தனியார் நர்சிங் கல்லூரிகளில் எது பெஸ்ட்?

முதல் பதிலைப் பாருங்கள். சான்றிதழ் விஷயத்தையும் சேர்த்து.

இரணியல், ஒரு ஆசிரியர்: நம் பகுதியில் மருத்துவப் பயிற்சி எப்போது தொடங்கியது? பள்ளியில் சொல்ல வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது டீச்சர். நெய்யூரில் 1838-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860-களில் டாக்டர் ஜான் லோ அங்கே உள்ளூர் இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்து, படித்தவர்களைக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினார். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவிலிருந்த டாக்டர் ஹோவர்டு சோமர்வெல், பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் இருந்த கூட்டத்தையும் டாக்டர் பற்றாக்குறையையும் பார்த்து இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2001-ல். பிள்ளைகளை நெய்யூருக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள்.

நாகர்கோவில், ஸ்டாஃப் நர்ஸ்: மேடம், தக்கலை மாணவிக்கு நீங்கள் சொன்னது படிக்க நன்றாக இருக்கிறது. இரவு ட்யூட்டியில் 40 நோயாளிக்கு நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு நிமிடம் மூச்சு எண்ணினாலே 40 நிமிடம். ஊசி, டிரிப், அட்மிஷன் எல்லாம் யார் பார்ப்பது? ரிட்டயர் ஆனவர்கள் சொல்வது எளிது.

உங்கள் கணக்கு சரி, அதை மறுக்கவில்லை. 40 பேருக்கும் எண்ண முடியாது. ஆபரேஷன் முடிந்தவர், காய்ச்சல் உள்ளவர், புதிதாக வந்தவர், "ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்பவர், இவர்களை முதலில் எண்ணுங்கள். எட்டுப் பேர் வருவார்கள். மீதிப் பேருக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

அதே ஸ்டாஃப் நர்ஸ்: காலியாக விட்டால் காலையில் மெமோ. 20 எழுதினால் யாரும் கேட்பதில்லை.

இதுதான் நோயே. பொய்க்குப் பாராட்டு, உண்மைக்கு மெமோ. ஆனாலும் யோசித்துப் பாருங்கள் சிஸ்டர், 40 கட்டமும் நிரம்பியிருந்தால், இரண்டு பேரால் இந்த வார்டை நடத்த முடிகிறது என்றுதான் நிர்வாகம் நினைக்கும். ஆள் போதவில்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'பணிச்சுமையால் எடுக்கவில்லை' என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தனியாகச் செய்தால் மெமோதான் வரும், தெரியும். ஷிஃப்டில் எல்லாரும் பேசி ஒன்றாகச் செய்யுங்கள்.

ஒரு ஹவுஸ் சர்ஜன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் மேடம். சார்ட்டைப் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 20 என்று பார்த்தால் நான் அந்தக் கட்டத்தைப் படிப்பதே இல்லை. காலியாக இருந்தால் நானே போய் எண்ணுவேன்.

நன்றி தம்பி. சிஸ்டர், இதைப் படியுங்கள். தம்பி, நீங்களும் காலிக் கட்டத்தைப் பார்த்து நர்ஸை ஏசாமல் இருங்கள்.

பத்மநாபபுரம், மூன்றாம் ஆண்டு: நான் காலியாக விட்டேன் மேடம். க்ளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் மார்க்கைக் குறைத்துவிட்டார். பக்கத்துப் பிள்ளை மனசிலிருந்து எழுதினாள், அவளுக்கு முழு மார்க்.

இந்த விவாதமெல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. வார்டில் பொய் எழுதும் நர்ஸ் வார்டில் உருவாவதில்லை. லாக் புக்கில் இத்தனை ஊசி, இத்தனை டிரெஸ்ஸிங் என்று எண்ணிக்கை காட்டச் சொல்லி, செய்ய வாய்ப்பே தராமல், கடைசி மாதத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே பேனாவால் கையெழுத்துப் போடுகிறோமே, அங்கே உருவாகிறாள். பட்டம் வாங்க வார்டு பயிற்சியில் 100 சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. வராத நாட்களை ஈடுகட்டாமலே ஈடுகட்டியதாக எழுதுவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் வந்து உட்காரும் ஆசிரியர்களையும் பார்க்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகளில் ஆதாரோடு இணைத்த வருகைப்பதிவு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு அதே ஆசிரியர் வந்து ஒழுக்கம் பற்றிப் பாடம் எடுத்தால் யார் கேட்பார்கள்?

இன்ஸ்ட்ரக்டர்களுக்குச் சொல்கிறேன், என் அனுபவத்தில் பலன் தந்தது ஒன்றே ஒன்று. மாணவி எழுதிய மூன்று எண்களில் ஒன்றை நீங்களே நோயாளியிடம் போய் மறுபடி எடுத்துப் பாருங்கள், தினமும். பத்து நிமிடம் ஆகும். மாறி வந்தால் நோயாளி முன்னால் ஏசக் கூடாது. ஓரமாகக் கூட்டிப்போய், "வா, சேர்ந்து எண்ணலாம்" என்று சொல்லுங்கள். ஒரே வாரத்தில் சார்ட்டில் 17, 22, 26 எல்லாம் வர ஆரம்பிக்கும்.

உனக்கு, மக்களே: அந்த மார்க் போகட்டும். நீ செய்ததுதான் சரி.

களியக்காவிளை: நல்ல காலேஜ் ஒன்று சொல்லுங்கள் ப்ளீஸ்.

மேலே சொல்லியாகிவிட்டது. இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

ஆரல்வாய்மொழி: சவுதி போக இரண்டு வருட அனுபவம் வேண்டும். ஒரு ஏஜென்ட் அனுபவச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறார், ஒரிஜினல்களைக் கேட்கிறார்.

இரண்டுமே வேண்டாம். வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனம், சான்றிதழ் தந்த இடத்துக்கே கேட்டு அனுப்பும். பொய் என்று தெரிந்தால் அந்த நாட்டுக் கதவு மூடும், பதிவேட்டில் பெயர் கெடும். ஒரிஜினல் போனால் நீங்கள் அந்த ஏஜென்டுக்கு அடிமை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே பதிவு செய்யுங்கள். வேலை பார்க்காத இரண்டு வருடத்தைப் பார்த்ததாக எழுதுவதும், எண்ணாத மூச்சை எழுதுவதும் எனக்கு ஒன்றுதான்.

பெயர் வேண்டாம் என்று ஒரு மாணவி: மேடம், நேற்று மாலை நான் ஒரு பாட்டிக்கு பி.பி. எடுக்காமல் 120/80 எழுதிவிட்டேன். இதையெல்லாம் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. என்ன செய்ய?

இப்பவே வார்டுக்கு போன் பண்ணு. காலை வரைக்கும் காத்திருக்காதே. எந்தப் படுக்கை, எத்தனை மணி என்று ட்யூட்டியில் இருக்கும் சிஸ்டரிடம் சொல்லி, ஒருமுறை பி.பி. பார்க்கச் சொல்லு. திட்டுவார்கள், கேட்டுக்கொள். காலையில் போய் அந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போடு. பக்கத்தில் 'எடுக்கப்படவில்லை' என்று எழுதி, தேதி, நேரம், உன் கையெழுத்து. ஒயிட்னர் பூசாதே மக்களே, கோட்டுக்கு அடியில் பழைய எண் தெரிய வேண்டும். முடிந்ததும் பாட்டிக்கு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.