கசந்தால் துப்பிவிடுங்கள்

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கிலிருந்து ஒரு வாசகி): என் கணவருக்கு 52 வயது, இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு. தோலில்தான் சத்து என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து தினமும் காலையில் சுரைக்காயைத் தோலோடு அரைத்துக் குடிக்கிறார். போன வாரம் சாறு கசந்தது. கசப்பு இனிப்புநீருக்கு நல்லது என்று முழுவதையும் குடித்துவிட்டார். அரை மணி நேரத்தில் வயிற்றுவலி, நான்கைந்து தடவை வாந்தி. வீட்டிலிருந்த வயிற்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார், மறுநாள் சரியாகிவிட்டது. தோலில் ஒட்டியிருந்த பூச்சிமருந்துதான் காரணம், பின்னால் புற்றுநோய் வரும் என்கிறாள் தங்கை. இனி எல்லாத் தோலையும் சீவிப் போட்டுவிடவா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் காரணம் பூச்சிமருந்து அல்ல, அந்தக் கசப்புதான். புற்றுநோய்ப் பயத்தை விடுங்கள். பயப்பட வேண்டிய விஷயம் அன்று காலை குவளையிலேயே இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

சுரை, பீர்க்கு, புடல், வெள்ளரி, பூசணி எல்லாம் ஒரே குடும்பம். தம்மைத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்ட இந்தச் செடிகள் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சைச் சுரக்கும். நாம் சமைக்கும் வகைகள் கசப்பில்லாதவையாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆனால் கடும் வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை, காட்டு வகையோடு கலந்துவிட்ட விதை என்று ஏதோ ஒன்றால் எப்போதாவது ஒரு காயில் அந்த நஞ்சு ஏறிவிடும். பசாரில் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியாது. நாக்குக்குத்தான் தெரியும்.

இந்த நஞ்சு இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கும். வாந்தி, பேதி, சிலருக்கு ரத்த வாந்தி, பிறகு ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம். இந்தியாவில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் அங்கே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது, அதன் முடிவுகள் 2012இல் வெளியாயின. இதற்கு முறிவு மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. வேகவைத்தாலும் நஞ்சு போகாது, உப்புப் போட்டாலும் போகாது. சாறு இன்னும் மோசம். குழம்பில் இரண்டு துண்டு கசந்தால் ஒதுக்கிவிடுவோம், சாற்றில் ஒரு முழுக் காயும் ஒரே மடக்கில் உள்ளே போகிறது. இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்தால் கசப்பு மறையும், நஞ்சு மறையாது.

"கசப்பு இனிப்புநீருக்கு நல்லது" என்ற பேச்சு பாகற்காயிலிருந்து வந்தது. பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு. சுரைக்காய்க்குக் கசப்பு எச்சரிக்கை. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும் காணொளிகளைக் கேட்டு உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது இது. சுரை, பீர்க்கு, வெள்ளரி எதுவானாலும் காம்புப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு, நடுவில் ஒரு சிறு துண்டு நறுக்கி, பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பி, வாயைக் கொப்பளித்து, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கசந்த பக்கத்தை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சமைக்காதீர்கள். வெள்ளரியின் முனையை அறுத்துத் தேய்ப்பதை நம்பியும் இருக்க வேண்டாம். தெரியாமல் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுவலி வந்தால் உடனே மருத்துவமனை. ரத்தம் கலந்த வாந்தியோ தலைசுற்றலோ இருந்தால் அவசர உதவிக்கு 999ஐ அழையுங்கள். காயின் மிச்சத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

அன்று வீட்டு மாத்திரையோடு படுத்ததுதான் எனக்குக் கோபம் வரும் இடம். இனிப்புநீர்க்காரர் ஓயாமல் வாந்தி எடுத்தால் உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் அடிபடும். சாப்பாடு உள்ளே தங்காதபோது வழக்கமான இனிப்புநீர் மாத்திரையைப் போட்டால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். அந்த முடிவை வீட்டில் எடுக்கக் கூடாது.

பூச்சிமருந்துக்கு வருகிறேன், சுருக்கமாக. கேமரன் மலைக் காயானாலும் சரி, பசார் மாலாம் (இரவுச் சந்தை) காயானாலும் சரி, ஓடும் குழாய்த் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி போய்விடும். சோப்பு வேண்டாம். மனம் கேட்கவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து, கால் மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். தோலுக்குள் ஊறிப் போனது கழுவினாலும் வராது. அதற்காகக் காய்கறியைக் குறைப்பதுதான் உடம்புக்குப் பெரிய நட்டம்.

தோலில்தான் சத்தெல்லாம் என்பதும் மிகை. நார்ச்சத்து தோலில் நிறைய உண்டு, மற்றச் சத்துகளில் பெரும்பங்கு சதையில்தான். எனவே தோலைச் சீவினால் குற்றமில்லை, சாப்பிட்டாலும் நல்லதே. கசக்காத பீர்க்கங்காய்த் தோலை, முரட்டு நரம்பை மட்டும் நீக்கி, ஒரு கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நான்கு காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி, தேங்காய் சேர்த்து வதக்கித் துவையல் அரைக்கலாம். சௌசௌ தோலுக்கும் அதே முறைதான்.

இரண்டு தோல்களை மட்டும் சாப்பிடாதீர்கள். ஒன்று, பச்சை நிறம் ஏறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கின் தோல். சோலனின் என்ற நஞ்சு தோலிலும் முளையிலும்தான் சேரும், எண்ணெயில் பொரித்தாலும் அழியாது. கொஞ்சம் பச்சை என்றால் தடிமனாகச் சீவுங்கள், கிழங்கே பச்சையாகி நிறைய முளைத்திருந்தால் எறியுங்கள். மற்றது மரவள்ளிக்கிழங்கின் தோல். அதில் சயனைடை வெளியிடும் பொருள் சதையைவிட மிக அதிகம். மேல்தோலோடு அடியிலுள்ள தடித்த பட்டையையும் உரித்து, கிழங்கை நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

உங்கள் கணவரைக் காலைச் சாற்றை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வாரமே கிளினிக்கில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்கட்டும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும், அதனால் காய்ச்சாறே அவருக்கு ஆகாது. காயைத் தோல் சீவி, நறுக்கி, வேகவைத்த நீரை வடித்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். கசந்த சாறு குடித்ததையும் அன்று எந்த மாத்திரை போட்டார் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.