ரீல்ஸ் ஓடுது, மாணவர் வரலை: மும்பை செம்பூர் பரத ஆசிரியைக்குப் பதில்

வணக்கம் மேடம். ரீல்ஸ் நன்றாக ஓடியும் வகுப்புக்கு ஆள் சேரவில்லை, சபாக்காரர்களுக்கு இன்ஸ்டாவில் அனுப்பிய மெசேஜுக்குப் பதிலே இல்லை என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் உங்கள் இன்ஸ்டா இன்பாக்ஸில், நீங்கள் பின்தொடராதவர்களின் மெசேஜ் தனியே சேரும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ பகுதியைத் திறந்து, அதற்குள் ‘ஹிடன் ரிக்வெஸ்ட்ஸ்’ வரை போய்ப் பாருங்கள். வகுப்பு விசாரித்த பெற்றோரின் மெசேஜ் அங்கே கிடக்கலாம்.

சபாக்காரர்கள் விஷயமும் இதேதான். உங்களைப் பின்தொடராதவருக்கு நீங்கள் அனுப்புவது அவருடைய ரிக்வெஸ்ட்ஸில் போய் விழும். அவர் ஏற்கும்வரை எழுத்தாக ஒரே ஒரு மெசேஜ்தான் போகும், வீடியோ போகாது. அந்த ஒன்றை ‘வணக்கம் சார்’ என்று வீணாக்காதீர்கள். யார், எந்த ஊர், எத்தனை நிமிட நிகழ்ச்சி, எந்த மாதம், போன் நம்பர்: நாலு வரி போதும். அதற்கு முன் இரண்டு வாரம் அவர்கள் பதிவுகளில் உருப்படியாகக் கருத்து எழுதுங்கள். வெறும் கைகூப்பும் எமோஜி யார் மனதிலும் நிற்காது.

உங்கள் ப்ரொஃபைலின் ‘நேம்’ கட்டத்தில் உங்கள் பெயரோடு ‘பரதநாட்டியம் செம்பூர்’ என்று ஆங்கில எழுத்தில் சேருங்கள். தேடலில் அதுதான் சிக்கும். 14 நாளில் இருமுறைதான் மாற்ற முடியும், எழுத்துப் பிழை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று பதிவுகளை ‘பின்’ (pin) செய்து, ப்ரொஃபைலில் எப்போதும் மேலேயே நிற்க வைக்கலாம். ஒன்றில் வகுப்பு நேரம், கட்டணம், எந்த ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு நடை என்று போடுங்கள். மும்பையில் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான்.

மாணவர் அரங்கேற்ற வீடியோவை அவர்களோடு ‘கொலாப்’ பதிவாக, அதாவது கூட்டுப் பதிவாகப் போட்டால், அவர்கள் ஏற்றதும் இரு பக்கத்திலும் தெரியும். சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் போடவே போடாதீர்கள்.