காவல் மகளுக்கு, ட்ரீட் மகனுக்கு

கேள்வி: மகள் கல்லூரி முதலாம் ஆண்டு, விடுதியில் இருக்கிறாள். மகன் பிளஸ் டூ. போன வாரம் நண்பனின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தவன் மேல் பீர் வாடை. "சேர்க்கை சரியில்லை, பசங்க அப்படித்தான், விடு" என்கிறார் கணவர். ஆனால் மகளுக்கு மட்டும் தினமும் மூன்று தடவை வீடியோ கால். நான் யாரை நினைத்துக் கவலைப்படுவது?
- ஒரு தாய், திருச்சி

பதில்: முதலில் மகனை நினைத்து. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் 25 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், பெண்களில் 1 சதவீதம்கூட இல்லை. சர்வே எடுக்க வந்தவரிடம் எந்தப் பெண் உள்ளதைச் சொல்லப் போகிறாள் என்று கழித்துக்கொண்டாலும், இடைவெளி பெரிதுதான்.

பையன்கள் கூட்டத்தில் யாரும் வாயில் ஊற்றிவிடுவதில்லை. "பொம்பள மாதிரி பயப்படுறியேடா" என்று ஒருத்தன் சிரித்தால் போதும், பதினேழு வயதில் அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு எழுந்து வருகிறவன் அபூர்வம். பிறந்தநாளுக்கு ட்ரீட், ரிசல்ட்டுக்கு ட்ரீட், காதல் புட்டுக்கொண்டாலும் ட்ரீட்; ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுவிட்டால், காசு கொடுத்தவன் குடிக்காமல் வந்தால் நஷ்டம் வேறு. 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, சரி, வாங்கிக் கொடுக்க யாருக்காவது ஒரு அண்ணன் இருப்பானே. இதில் "பசங்க அப்படித்தான்" என்று அப்பாவும் சொல்லிவிட்டால், நண்பர்கள் சொன்னதையே வீட்டிலும் சொன்னதாக ஆகிவிடும்.

சேர்க்கை சரியில்லை என்பது பாதி உண்மை. நண்பர்களைப் பார்த்துப் பிள்ளைகள் மாறுகிறார்கள், தங்களைப் போன்றவர்களையே தேடிப் போய் நண்பர்களாக்கிக்கொள்ளவும் செய்கிறார்கள். அந்தப் பிறந்தநாள் பையனின் அம்மாவும் இந்நேரம் உங்கள் மகனைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

மகள் விஷயம் வேறு மாதிரி. நம் ஊரில் தோழிகள் மட்டும் இருக்கும் வட்டத்தில் "எனக்கு வேண்டாம்டி" என்றால் பெரும்பாலும் அதோடு முடிந்தது, யாரும் அவளைக் குறைத்துப் பேசப்போவதில்லை. காதலனும் அவன் நண்பர்களும் வரும்போதுதான் கணக்கு மாறும். அமெரிக்கப் பள்ளி மாணவர்களை வைத்து 2011-இல் வந்த ஓர் ஆய்வில், சொந்த நண்பர்களையும் ஜோடியையும் தாண்டி, ஜோடியின் நண்பர்கள் குடிப்பதும் பிள்ளைகளின் குடியைக் கூட்டியது தெரிந்தது. அப்புறம், குடித்து வாந்தியெடுத்த பையன் மறுநாள் ஒரு வேடிக்கைக் கதை, பெண் என்றால் வீடியோ. அந்தப் பயத்திலேயே ஆபத்தில் மாட்டினாலும் வீட்டுக்குப் போன் போட மாட்டாள். மூன்று வீடியோ கால் அந்தப் பயத்தைக் கூட்டத்தான் செய்யும்.

ஆகவே இரண்டு பேரிடமும் ஒன்றைச் சொல்லுங்கள்: எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து அழைத்துப்போகிறோம், திட்டு மறுநாள்தான். (மறுநாள் திட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.) மகனுக்குக் கூடுதலாக ஒரு சாக்கு தேவை. "எங்கப்பா வாயை ஊதச் சொல்லுவாரு மச்சி" என்று சொல்லிக் கழன்றுகொள்ளும் பையன்கள் உண்டு, அது பொய்யாக இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கணவரின் வேலை. வாடை வாராவாரம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசுங்கள், இலவசம்தான்.

கேள்வி: பசங்க அளவுக்கே குடித்தாலும் எனக்கு மட்டும் சீக்கிரம் ஏறுகிறதே, ஏன்?
- 19 வயது, கோவை

பதில்: சராசரியாகப் பெண் உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு, அதனால் அதே அளவு மது இரத்தத்தில் அடர்த்தியாக நிற்கும். வயிற்றிலேயே மதுவை உடைக்கும் நொதியும் பெண்களுக்குப் பொதுவாகக் குறைவு. அதனால் பசங்களுக்கு ரவுண்டுக்கு ரவுண்டு ஈடு கொடுக்க நினைக்காதீர்கள். தவிர, உங்களுக்கு 21 ஆக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.