தரவுத்தளத்திலிருந்து இயங்குதளக் கட்டளையை இயக்கினால் ஏன் அப்படியே நின்றுவிடுகிறது?

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் (xp_cmdshell) என்றொரு வசதி உண்டு. கோப்பை நகலெடுப்பது, பழைய கோப்புகளை அழிப்பது போன்ற விண்டோஸ் கட்டளைகளைத் தரவுத்தளத்துக்குள் இருந்தபடியே இயக்க அது உதவுகிறது. அந்தக் கட்டளை முடியும்வரை, அதை அழைத்த வினவல் (தரவுத்தளத்தில் நீங்கள் இயக்கும் வரிகள்) அடுத்த வரிக்குப் போகாது. கட்டளை முடியவே இல்லையென்றால் காத்திருப்புக்கும் முடிவில்லை.

கட்டளை ஏன் முடிவதில்லை? பெரும்பாலும் அது யாருடைய பதிலுக்காகவோ நிற்கிறது. "மேலெழுதலாமா?" என்று கேட்டிருக்கும், அல்லது நோட்பேட் போன்ற சாளரத்தைத் திறந்து, யாராவது மூடட்டும் என்றிருக்கும். தரவுத்தளம் பின்னணிச் சேவையாக ஓடுவது. அது திறக்கும் சாளரம் உங்கள் திரைக்கு வருவதே இல்லை. பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, கையெழுத்து வாங்காமல் நகரமாட்டேன் என்று நிற்கும் தபால்காரரைப் போன்றது இது. அவருக்குப் பின்னால் மற்ற வீட்டுத் தபால்களும் தேங்குகின்றன.

கையால் இயக்கும்போது சரியாக ஓடியது என்று பலர் குழம்புகிறார்கள். அப்போது பதில் சொல்ல நீங்கள் இருந்தீர்கள், அவ்வளவுதான். எனவே கேள்வி கேட்காமல் வேலையை முடிக்கும் தெரிவைக் கட்டளையிலேயே சேருங்கள். சாளரம் திறக்கும் நிரல்களை இந்த வழியில் அழைக்கவே வேண்டாம்.

சிக்கிய இணைப்பைத் துண்டிக்கும் கில் (KILL) கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைப்பது தவறு: வெளியே தொடங்கிய நிரல் ஓடிக்கொண்டேதான் இருக்கும், சர்வர் கணினியின் டாஸ்க் மேனேஜரில் அதை முடித்தால்தான் இணைப்பு விடுபடும்.